குவாங்சோவில் எங்கே தங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் துணைவியாரும் அக்டோபர் 30ஆம் தேதி சீனாவின் குவாங்சோவில் இறங்கி ஆறு இரவுகள் தங்கப்போகிறீர்கள். கான்டன் சந்தை என்ற பெரிய வணிகக் கண்காட்சியின் மூன்றாம் கட்டத்தில் இரண்டு நாள், சோங்தா துணிச் சந்தையில் ஒரு நாள், மீதி நாள்களில் ஊர் பார்ப்பது என்பது உங்கள் திட்டம். துணைவியார் சுத்த சைவம். இருவருக்கும் சீனம் தெரியாது. முன்பதிவுத் தளத்தில் தேடினால் பத்து ஹோட்டல்கள் தங்களை ‘நகர மையம்’ என்று சொல்லிக்கொள்கின்றன, ஆனால் அவற்றில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இருபது கிலோமீட்டர் இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் இது: மெட்ரோவின் 2ஆம் வழித்தடமும் 8ஆம் வழித்தடமும் சந்திக்கும் சாங்காங் நிலையத்தை ஒட்டியோ, அதற்கு வடக்கே அடுத்த நிலையமான ஜியாங்நான்ஷீயை ஒட்டியோ, நடுத்தர விலையில், ஒரே பெயரில் பல கிளைகள் கொண்ட ஒரு சீனச் சங்கிலி ஹோட்டலில் தங்குங்கள். காரணங்களைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் திட்டத்தில் ஒரு நாள் மாறினாலும் இந்த விடை மாறிவிடக்கூடும். காரணம் கையில் இருந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

குவாங்சோவுக்கு ஒரே மையம் என்று ஒன்று கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1 கோடியே 86 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர் அது. முத்து ஆற்றின் வடகரையில் இருக்கும் யுவேசியூவும் லீவானும்தான் பழைய நகரம். கோயில்கள், மசூதி, பழைய கடைத்தெருக்கள், மொத்த வியாபாரச் சந்தைகள் எல்லாம் அங்கே. 1990களுக்குப் பிறகு ஊர் கிழக்கு நோக்கி நகர்ந்து தியான்ஹே என்ற பகுதியில் புது நகரமாக எழுந்தது. அங்கேதான் சூஜியாங் புதுநகரின் வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. ஆற்றின் தென்புறம், கிளைகள் சூழ்ந்த தீவாகக் கிடப்பது ஹைசூ. அதன் மேற்குப் பாதி பழைய குடியிருப்புகளும் துணிச் சந்தையும், கிழக்கு முனை கான்டன் சந்தை நடக்கும் பாசோ. ஆகவே ‘நகர மையம்’ என்று ஒரு ஹோட்டல் சொல்லும்போது அது பொய் சொல்லவில்லை. எந்த மையம் என்பதைச் சொல்லாமல் விடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிறிய பழங்கதையும் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் உங்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி அதிலிருந்துதான் வரும். கான்டன் சந்தை 1957இல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அது ரயில் நிலையத்துக்கு அருகே லியூஹுவா சாலையில் நடந்தது. அதனால்தான் பழைய பெரிய ஹோட்டல்கள் அந்தப் பக்கமும், அங்கிருந்து கிழக்கே போகும் ஹுவான்ஷி கிழக்குச் சாலையிலுமாக நிற்கின்றன. சந்தைக்கு வரும் வெளிநாட்டு வணிகர்களுக்காக 1976இல் கட்டிய 33 மாடி பாய்யூன் ஹோட்டல் அன்றைக்குச் சீனாவிலேயே உயரமான கட்டடம். 2008 இலையுதிர்காலத்தில் சந்தை முழுவதுமாகப் பாசோவுக்குப் போய்விட்டது. ஹோட்டல்கள் எழுந்து கூடப் போக முடியாதல்லவா? உங்கள் ஊரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் போய்வந்த பெரியவர் யாராவது ‘ஸ்டேஷன் பக்கம் ரூம் போடு, நடந்தே போயிடலாம்’ என்றால், அவர் போன காலத்துக்கு அது சரியான பேச்சு. இன்றைக்கு அப்படிச் செய்தால் காலையில் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக வேண்டியிருக்கும்.

நான் ஒவ்வொரு முறையும் செய்வது இதுதான்: ஹோட்டல் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, போகவேண்டிய இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மெட்ரோ நிலையத்தின் பெயரையும் வழித்தட எண்ணையும் எழுதுவேன். உங்களுக்கும் அதைச் செய்து பார்த்தேன். கண்காட்சி மண்டபத்துக்கு ஷின்காங் தோங், பாசோ என்று இரண்டு நிலையங்கள். இரண்டும் 8ஆம் வழித்தடம். சோங்தா துணிச் சந்தைக்குச் சுன் யாட்-சென் பல்கலைக்கழக நிலையம் அல்லது லூஜியாங். இரண்டும் 8ஆம் வழித்தடம். (சோங்தா என்பதே அந்தப் பல்கலைக்கழகத்தின் சீனப் பெயருடைய சுருக்கம், அதன் வாசலுக்கு எதிர்ப்புறம் வளர்ந்த சந்தைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.) பார்க்கவேண்டிய இடங்களில் முதலாவதாக நான் சொல்லும் சென் குலக் கல்விக்கூடம், 1894இல் கட்டி முடித்தது, கூரை முகட்டில் மண்பொம்மைகளும் உள்ளே மரச்செதுக்கல்களுமாக ஒரு நாள் முழுக்க நின்று பார்க்கத் தக்கது, அதற்கும் 8ஆம் வழித்தடத்தில் நிலையம் உண்டு. பழைய ஐரோப்பியக் கட்டடங்கள் நிற்கும் ஷாமியான் தீவுக்குப் பண்பாட்டுப் பூங்கா நிலையம், அதுவும் 8. யுவேசியூ பூங்காவுக்கும் அதன் அருகே 1983இல் கண்டெடுத்த நான்யுவே மன்னரின் கல்லறை அருங்காட்சியகத்துக்கும் 2ஆம் வழித்தடம். பெய்ஜிங் லூ கடைத்தெருவுக்கு 2ஆம் வழித்தடத்தில் கோங்யுவான்சியானில் இறங்கி நடக்கலாம். இப்படி எழுதி முடித்த தாளைப் பார்த்தால் 2, 8 என்ற இரண்டு எண்களைத் தவிர வேறெதுவும் பெரிதாக இல்லை. அந்த இரண்டும் சந்திக்கும் நிலையம் சாங்காங்.

சாங்காங்கில் ஏறினால் ஷின்காங் தோங் ஏழாவது நிறுத்தம். ஏறத்தாழ இருபது நிமிடம், எங்கும் மாற வேண்டியதில்லை. துணிச் சந்தை இரண்டாவது, மூன்றாவது நிறுத்தத்திலேயே வந்துவிடும். சந்தை நாள்களில் இந்த ‘மாற வேண்டியதில்லை’ என்பதன் அருமை மாலை ஐந்தரைக்குத் தெரியும். மண்டபத்தின் மொத்தப் பரப்பு 15 லட்சம் சதுர மீட்டருக்கும் மேல். நாள் முழுக்க நடந்து, இரு கையிலும் கேட்டலாக் பைகளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வெளியே வரும் நேரத்தில்தான் மற்ற எல்லோரும் வருவார்கள். நடைமேடைக்கு இறங்கும் வழியில் கம்பித் தடுப்புகளை வளைத்து வளைத்து வைத்து வரிசையை நீட்டியிருப்பார்கள். அந்த வரிசையைத் தாண்டி ரயிலேறிய பிறகு, கெசுன் நிலையத்தில் 3ஆம் வழித்தடத்துக்கு மாறும் கூட்டம் இறங்கும். உங்களுக்கு அங்கேதான் உட்கார இடம் கிடைக்கும். மாற வேண்டியவர்கள் பாடு வேறு. அலுவலக நேரத்தில் 3ஆம் வழித்தடத்தின் கூட்டம் ஊருக்கே தெரிந்த விஷயம். இரண்டு ரயில்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறியிருக்கிறேன், அதுவும் பின்னால் நின்றவர் தள்ளியதால்.

ஜியாங்நான்ஷீயை நான் கூடுதலாகச் சொல்வதற்குக் காரணம் மாலை நேரம். சாங்காங்கிலிருந்து ஒரே நிறுத்தம்தான், நடந்தும் போகலாம். உள்ளூர் இளைஞர்கள் சாப்பிடவும் துணி வாங்கவும் வரும் கடைத்தெரு அது. இரவு ஒன்பதரைக்கும் பழக்கடைகள் திறந்திருக்கும். மூலைக்கு மூலை மூலிகைக் கஷாயக் கடை இருக்கும், அங்கே பித்தளைக் குடுவையிலிருந்து கறுப்பாக ஒரு கசப்புத் திரவத்தைச் சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். லியாங்சா என்று பெயர். நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. சுற்றுலாப் பயணிக்காகப் போட்ட தெரு இல்லை என்பதால் விலையும் அடங்கியே இருக்கும்.

மற்ற பகுதிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாசோவிலேயே, மண்டபத்துக்கு எதிரே தங்கினால் என்ன என்று தோன்றும். ஐந்து நாளும் சந்தைக்குள்ளேயே இருக்கப்போகிற ஒருவருக்கு அது சரி. உங்களுக்கு இரண்டு நாள்தான் வேலை. அந்த இரண்டு நாளுக்காக ஆறு இரவும் ஊரின் மிக விலையுயர்ந்த அறைக்குப் பணம் கட்டிவிட்டு, சந்தை மூடியபின் அகலமான சாலையையும் அலுவலகக் கட்டடங்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சூஜியாங் புதுநகரில் உலகப் பெயர் பெற்ற ஹோட்டல்களெல்லாம் இருக்கின்றன, வரவேற்பு மேசையில் ஆங்கிலம் நன்றாகவே நடக்கும், இரவில் ஆற்றுக்கு அப்பால் 600 மீட்டர் உயரக் கான்டன் கோபுரம் நிறம் மாறுவதை அறையிலிருந்தே பார்க்கலாம்; பணம் ஒரு பொருட்டில்லை என்றால், சீனம் தெரியாத முதல் பயணத்துக்கு அது கவலையில்லாத இடம். தியான்ஹேயில் தீயூ ஷீ நிலையத்தைச் சுற்றியும் நிறைய ஹோட்டல்கள் உண்டு, ஆனால் முன்பு சொன்ன 3ஆம் வழித்தடக் கூட்டத்தின் நெஞ்சுப்பகுதி அதுதான்.

ஷாமியான் தீவைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். ஒரு காலத்தில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் குத்தகைக்கு விட்ட நிலம். ஆலமரங்களும் பழைய துணைத்தூதரகக் கட்டடங்களும், 1983இல் திறந்த வெள்ளை அன்னம் ஹோட்டலும் அங்கே இருக்கின்றன. வியாபார வேலை எதுவும் இல்லாமல் மூன்று நாள் ஓய்வாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுவே. பெய்ஜிங் லூ, கோங்யுவான்சியான் வட்டாரமும் நல்ல தேர்வுதான். நீங்கள் சந்தைக்கு இரண்டு நாளுக்குப் பதில் ஒரு நாள் மட்டும் போவதாக இருந்தால் அதையே பரிந்துரைத்திருப்பேன், ஏனென்றால் பழைய ஊர் முழுவதையும் நடந்தே சுற்றலாம், 1ஆம் வழித்தடமும் 2ஆம் வழித்தடமும் அங்கே சந்திக்கின்றன.

சியாவ்பெய், தாவ்ஜின், சன்யுவான்லி பக்கம் தங்குவது வேறு ஒரு வகைப் பயணத்துக்கு உரியது. ஆப்பிரிக்க, அரபு, தெற்காசிய வணிகர்கள் புழங்கும் வட்டாரம் அது. கார்கோ ஏஜென்டுகள், ஹலால் உணவகங்கள், தோல் பைச் சந்தை, ஆயத்த ஆடைச் சந்தை எல்லாம் அந்தச் சுற்றில் இருக்கின்றன. சரக்கு வாங்கி, பெட்டி கட்டி, கப்பலுக்கு அனுப்பும்வரை கூடவே நிற்க வேண்டியவருக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. குடும்பத்தோடு போகிறவருக்குத் தேவையில்லை.

ஒரு இடத்தை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். தேடும்போது குவாங்சோ தெற்கு ரயில் நிலையத்தை ஒட்டி, நல்ல புது ஹோட்டல்கள் மலிவாக வந்து நிற்கும். அதிவேக ரயில்கள் வந்துபோகும் பெரிய நிலையம் அது. ஆனால் ஊருக்குத் தெற்கே பான்யு பகுதியில் இருக்கிறது. ‘குவாங்சோ’ என்ற பெயரையும் விலையையும் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, தினமும் காலையில் முக்கால் மணி நேரம் ரயிலில் நின்றவர்களை எனக்குத் தெரியும். ஊரில் குவாங்சோ நிலையம், கிழக்கு நிலையம், தெற்கு நிலையம், பாய்யூன் நிலையம் என்று பல உண்டு; ‘ரயில் நிலையத்துக்கு அருகில்’ என்று எழுதியிருந்தால் எந்த நிலையம் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

விலை விஷயம். கான்டன் சந்தை ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொன்றும் மூன்று கட்டங்களாக நடக்கிறது. இலையுதிர்காலத்தில் அக்டோபர் 15–19, 23–27, அக்டோபர் 31–நவம்பர் 4. இந்த நாள்களில் ஊர் முழுக்க அறைவிலை ஏறும். மற்ற நாள்களில் 300 யுவானுக்கு நான் தங்கிய அதே அறைக்குச் சந்தை நாளில் 700 கொடுத்திருக்கிறேன். பாசோவை நெருங்க நெருங்க ஏற்றம் இன்னும் கூடும். முதல் கட்டத்தில் மின்சாதனங்களும் எந்திரங்களும் இருப்பதால் கூட்டம் அப்போதுதான் அதிகம். ஆடை, துணி வகைகள் வரும் மூன்றாம் கட்டத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். உங்கள் நாள்கள் உறுதியானதும், இலவசமாக ரத்து செய்ய முடிகிற அறையை இரண்டு மாதம் முன்பே போட்டு வைத்துவிட்டு, பிறகு நிதானமாகத் தேடுங்கள். சந்தை நாள்களில் பல ஹோட்டல்கள் மண்டபத்துக்கு இலவசப் பேருந்து விடும்; பதிவு செய்யும்போதே கேட்டு வைக்கலாம், ஆனால் மாலை நேரச் சாலை நெரிசலில் மெட்ரோவே முந்தும்.

இனி, பதிவு செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான ஒன்று. சீனாவில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் அது காவல்துறையில் பதிவாக வேண்டும். 2013 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குடிநுழைவுச் சட்டத்தின் 39ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஹோட்டலில் தங்கினால் அந்தப் பதிவை ஹோட்டலே செய்துவிடும்; வரவேற்பு மேசையில் இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, விசா பக்கத்தையும் நுழைவு முத்திரையையும் நகல் எடுப்பது அதற்காகத்தான். நண்பர் வீட்டிலோ வாடகைக் குடியிருப்பிலோ தங்கினால், வந்து 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் எச்சரிக்கை, அதோடு 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். ‘மின்சு’ என்று சொல்லப்படும் வீட்டுத் தங்கல்கள் படத்தில் அழகாகவும் விலையில் மலிவாகவும் இருக்கும். மொழி தெரியாத முதல் பயணத்தில் காவல் நிலையம் தேடி அலைய விருப்பமிருந்தால் மட்டும் எடுங்கள். ஏர்பிஎன்பி நிறுவனம் 2022லேயே சீனாவுக்குள் வீடுகளைப் பட்டியலிடுவதை நிறுத்திவிட்டது என்பதால், அதில் தேடிப் பழகியவர்களுக்கும் இங்கே வழி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்வரை, ‘இங்கே வெளிநாட்டவரைத் தங்கவைக்க அனுமதி இல்லை’ என்று சொல்லி மலிவு ஹோட்டல்கள் திருப்பி அனுப்புவது வழக்கம். தகுதி இல்லை என்ற காரணத்தைச் சொல்லி வெளிநாட்டவரை மறுக்கக் கூடாது என்று 2024இல் அரசுத் துறைகள் அறிவுறுத்தின; இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் உத்தரவு மாறினால் மட்டும் வேலை நடந்துவிடாது; மேசையில் இரவுப் பணியில் இருக்கும் பையனுக்குப் பாஸ்போர்ட் விவரங்களை அந்தக் கணினியில் எப்படி ஏற்றுவது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கே ஒருமுறை, ஒரு சின்ன ஹோட்டலில், இரவு பதினொன்றரைக்கு அந்தப் பெண் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டாள். குடும்பப் பெயரே கிடையாது, அது அப்பா பெயர் என்று விளக்குவதற்குள் மணி பன்னிரண்டு. கடைசியில் மேலாளரைத் தொலைபேசியில் எழுப்பி, இரண்டு பெட்டியிலும் ஒரே பெயரைப் போட்டு முடித்தோம். இனிஷியல் மட்டும் உள்ள நம்மவர்களின் பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சிக்கல் எங்கேயும் உண்டு, இங்கே சற்று அதிகம். அதனால்தான் சங்கிலி ஹோட்டல் என்று சொன்னேன்: ஜி ஹோட்டல், அட்டூர், வியன்னா போன்ற நடுத்தரச் சங்கிலிகளில் இந்த வேலை பழகிப்போயிருக்கும். எதுவாக இருந்தாலும் முன்பதிவுக்குப் பின் ஒரு செய்தி அனுப்பி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இரண்டு பேர் வருகிறோம், சரியா என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் வாக்குவாதமே வராது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களைவிட எழுத்தில் இருக்கும் மூன்று விவரங்களைப் பாருங்கள். முதலாவது ஜன்னல். சீன ஹோட்டல்களில் ஜன்னல் இல்லாத அறைகள் சட்டப்படியே விற்பனைக்கு உண்டு, பதிவுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அது குறிப்பிட்டும் இருக்கும். நான் அதைப் படிக்காமல் போன முதல் ஆண்டு, அறையில் நீளமான திரைச்சீலை தொங்குவதைப் பார்த்து மகிழ்ந்து காலையில் இழுத்தேன். பின்னால் வெறும் சுவர், அதில் ஒரு மலைக்காட்சிப் படம். உள்முற்றத்தைப் பார்த்த ஜன்னல் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. அதில் வெளிச்சம் வரும், காற்று வராது. இரண்டாவது, ஹோட்டல் திறந்த ஆண்டும் கடைசியாகப் புதுப்பித்த ஆண்டும். சீனப் பதிவுத் தளங்கள் இதைக் காட்டும். இந்த ஈரமான ஊரில் பத்தாண்டு புதுப்பிக்காத ஐந்து நட்சத்திர அறையைவிட, மூன்று ஆண்டுக்கு முன் திறந்த நடுத்தர ஹோட்டல் அறை நன்றாக இருக்கும். மூன்றாவது, புகைபிடிக்காத மாடியா என்பது. கேட்காவிட்டால் கிடைப்பது உறுதியில்லை.

குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் வைப்பது அங்கே ஒரு நாகரிகம். தம்பதிக்குப் பரவாயில்லை, பெற்றோரையோ வளர்ந்த பிள்ளைகளையோ கூட்டிப்போகிறவர்கள் படத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மெத்தை பொதுவாகக் கெட்டியாக இருக்கும். நீங்கள் போகும் நவம்பர் தொடக்கம் ஊரின் நல்ல பருவம், ஆனால் யாராவது வசந்தகாலச் சந்தைக்குப் போவதானால் இன்னொன்று: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தெற்குக் காற்று திரும்பும் நாள்களில் சுவரும் தரையும் வியர்த்து நீர் வழியும், துவைத்த துண்டு மூன்று நாளானாலும் காயாது. அந்தக் காலத்தில் கீழ்த்தளங்களைத் தவிர்த்து மேல்மாடி கேட்க வேண்டும்.

சைவம் பற்றிய கவலைக்கு வருகிறேன். காய்கறிதானே என்று கேட்டு வாங்கும் கீரையிலும் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள்; வறுத்த சோற்றில் முட்டையும் இறைச்சித் துண்டும் கேட்காமலே வரும். நம்பிச் சாப்பிட வேண்டிய இடங்கள் புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள்தான். பெய்ஜிங் லூ அருகே தாஃபோ கோயில் பக்கம் அப்படிப் போகலாம். ஜியாங்நான்ஷீயிலிருந்து மெட்ரோவில் சில நிறுத்தங்கள்தான். ஆனால் அந்தச் சமையலில் பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது, சோயாவில் செய்த பொய்க்கறி நிறைய இருக்கும். துணைவியாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தட்டில் மீன் போலவே ஒன்று வந்து நின்றால் அதிர்ச்சியாக இருக்கும். இந்திய உணவகங்கள் சில தாவ்ஜின், ஹுவான்ஷி கிழக்குச் சாலை வட்டாரத்தில் உண்டு. அதற்காக அங்கேயே அறை எடுக்கும் அளவுக்கு அவசியமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ச் சாப்பிட்டு வரலாம். காலை உணவுடன் சேர்ந்த அறையாக எடுங்கள். வெறும் அரிசிக் கஞ்சி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும், சோயாப் பால், பழம் ஆகியவை ஏறத்தாழ எல்லா நடுத்தர ஹோட்டல் காலை மேசையிலும் கிடைக்கும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் பாட்டிலை மட்டும் ஊரிலிருந்து எடுத்துப்போனால் போதும். அறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் கட்டாயம் இருக்கும்.

கோயில் என்றதும் நினைவுக்கு வருகிறது: லீவானில் ஜேட் என்ற பச்சைக்கல் விற்கும் சந்துகளுக்கு நடுவே ஹுவாலின் கோயில் இருக்கிறது. போதிதர்மர் கடல் வழியாக வந்து கரையேறிய இடம் அது என்பது அந்த ஊர் மரபு; அவர் காஞ்சிபுரத்தவர் என்பது நம் மரபு. 1ஆம் வழித்தடத்தில் சாங்ஷோ லூ நிலையத்தில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஊர் பார்க்கும் நாளில் ஷாமியானோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறை போட்ட பிறகு ஹோட்டலின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் உங்கள் கைபேசியிலும் ஒரு தாளிலும் இருக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது, கிளையின் பெயரும் வேண்டும். ஒரே சங்கிலிக்கு ஊருக்குள் பல கிளைகள் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருந்த கிளைப் பெயரை விட்டுவிட்டு ஓட்டுநரிடம் காட்டி, நள்ளிரவில் தப்பான கிளையின் வாசலில் பெட்டியோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. கூகுள் வரைபடத்தை நம்பாதீர்கள். சீன வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வேறு ஆயத்தொலைவு முறையைப் பின்பற்றுவதால் அதில் புள்ளிகள் சில நூறு மீட்டர் நகர்ந்தே தெரியும். ஆமேப் (Amap) என்ற உள்ளூர் வரைபடச் செயலி துல்லியமானது. நிலையத்திலிருந்து ‘500 மீட்டர்’ என்று ஹோட்டல் சொன்னால் எந்த வாயிலிலிருந்து என்று அதில் பாருங்கள். சீனச் சாலைகளின் அகலத்தில், சாலையின் தப்பான பக்கத்து வாயிலில் ஏறிவிட்டால் அந்த 500 மீட்டர் ஒரு கிலோமீட்டராகும்.

ஹோட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது, எத்தனை நட்சத்திர ஹோட்டலானாலும் சரி. இந்திய சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் அவை வேலை செய்யும். பணத்துக்கு அலிபே செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையைக் கிளம்புவதற்கு முன்பே இணைத்து, சரிபார்ப்பை முடித்து வையுங்கள். வெளிநாட்டு அட்டைகளில் 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் 3 சதவீதக் கட்டணம் உண்டு. அறைக்கு வரும்போது ‘யாஜின்’ என்று ஒரு முன்பணம் கேட்கலாம். அது திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை, அறைவாடகையில் சேராது. ரசீதை வாங்கி வையுங்கள்.

வந்திறங்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று எங்காவது மாறிப் போகும் விமானங்களில் சில நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குகின்றன. மெட்ரோ இரவு பதினோரு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக நின்றுவிடும். அப்படி என்றால் டாக்சிதான், நூறு யுவானுக்கு மேல் ஆகும். வரிசையில் நிற்கும் டாக்சியை எடுங்கள், உள்ளேயே வந்து தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறவரை விட்டுவிடுங்கள். ஹோட்டலுக்கும் தாமதமாக வருவோம் என்று செய்தி அனுப்புங்கள், இல்லாவிட்டால் சந்தை நாளில் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

திரும்பும் நாளில் அறையை மதியம் பன்னிரண்டுக்குள் காலி செய்ய வேண்டியிருக்கும். பெட்டிகளை வரவேற்பு மேசையில் விட்டுவிட்டு மாலைவரை சுற்றலாம், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். விமான நிலையத்துக்கு எல்லோரும் தீயூ ஷீ போய் 3ஆம் வழித்தடத்தில் ஏறச் சொல்வார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். சாங்காங்கிலோ ஜியாங்நான்ஷீயிலோ 2ஆம் வழித்தடத்தில் வடக்கு நோக்கி ஏறி, கடைசி நிலையமான ஜியாஹெவாங்காங் வரை போய், அங்கே 3ஆம் வழித்தடத்துக்கு மாறுங்கள். ஊருக்குள் இருக்கும் கூட்டமெல்லாம் அதற்கு முன்பே இறங்கியிருக்கும். பெட்டியை வைக்க இடமிருக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும், பத்து யுவான் அளவில் முடியும். முதல் முனையத்துக்கு விமான நிலையம் தெற்கு, இரண்டாம் முனையத்துக்கு விமான நிலையம் வடக்கு என்று இரண்டு நிறுத்தங்கள். டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்துவிட்டு ரயிலேறுங்கள்.